மறுமொழி: கடல்மீன் தொட்டிச் சொற்கள் – நோய்க்காவல், பழக்கல்

> 'தனிமைப்படுத்தல் தொட்டி' என்றே வைக்கலாமே. 2020க்குப் பிறகு அந்தச் சொல் தெரியாதவர் யார்?

வணக்கம் ஐயா. புதிதாக வாங்கிய கடல்மீனைப் பெரிய தொட்டியில் விடுமுன் வைத்துப் பார்க்கும் தொட்டிக்கு (குவாரண்டைன் டேங்க்) நம் அகராதியில் என்ன சொல் வைப்பது என்பதே கேள்வி. நீங்கள் சொல்லும் சொல் எல்லோருக்கும் தெரியும். இங்கே பொருந்தவில்லை என்பதுதான் சிக்கல். கோமாளி மீன்களை இணையாக வாங்கி இணையாகவே அந்தத் தொட்டியில் விடுகிறோம். ஒரே பெட்டியில் வந்த ஐந்தாறு மீன்களும் ஒன்றாக இருக்கலாம். தனிமை எங்கே வந்தது? நோய் வெளிப்படுகிறதா என்று நான்கு முதல் ஆறு வாரம் பார்ப்பது, வெளிப்பட்டால் மருந்து கொடுப்பது, பெரிய தொட்டிக்கு அது போகாமல் தடுப்பது: அங்கே நடக்கும் வேலை இவ்வளவும். 'ஒதுக்கத் தொட்டி' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். 'ஒதுக்கி வைப்பது' நம் ஊர்களில் மனிதருக்குச் செய்தது போதும்.

என் முன்மொழிவு 'நோய்க்காவல்'. காவல் என்றால் பாதுகாப்பும் உண்டு, வெளியே விடாமல் பிடித்துவைப்பதும் உண்டு. நோய்க்காவல் தொட்டி, நோய்க்காவல் காலம், நோய்க்காவலில் வைத்தல் என்று எங்கும் இடறாமல் வருகிறது.

மருந்தையும் இந்தச் சொல் தாங்க வேண்டும் என்பதற்குக் காரணம் கிரிப்டோகாரியான். கடல்மீனுக்கு வெண்புள்ளி நோயைத் தரும் இந்த ஒட்டுண்ணி, சில நாள் மீனின் தோலுக்கடியில் தின்றுவிட்டு உதிர்ந்துவிடும். மணலிலோ கல்லிலோ ஒட்டி, கூட்டுக்குள் பல்கிப் பெருகி, நீந்தும் பருவமாக வெளிவந்து மறுபடி மீனைத் தேடும். புள்ளி மறைந்ததும் மீன் குணமாகிவிட்டது என்று பலர் நம்பிவிடுவது இந்த இடைவெளியில்தான். செம்பு மருந்து நீந்தும் பருவத்தை மட்டுமே கொல்லும். தோலுக்கடியிலும் கூட்டுக்குள்ளும் இருப்பதைத் தொடாது. ஆகவே வாரக்கணக்கில் அளவு குறையாமல் வைத்திருக்க வேண்டும். பெரிய தொட்டியில் அதை ஊற்றவும் முடியாது: பவளமும் இறாலும் செத்துப்போகும், சுண்ணாம்புக் கல் செம்பை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் மணலும் கல்லும் இல்லாமல், மீன் ஒளிந்துகொள்ள நாலு பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள் மட்டும் போட்ட வெறுந்தொட்டி.

(வெண்புள்ளி நோய் என்று இறால் பண்ணைகளில் சொல்வது வைரஸால் வருவது. நன்னீர் மீனின் வெண்புள்ளிக்குக் காரணம் வேறோர் ஒட்டுண்ணி. மூன்றுக்கும் ஒரே பெயர்! அதற்குத் தனி இழை தொடங்க வேண்டும்.)

> அக்ளிமேஷன் = தகவமைப்பு

இதை ஏற்க மாட்டேன். தகவமைப்பு ஓர் இனம் தலைமுறை தலைமுறையாகப் பெறுவது. பாடநூல்களில் அப்படியே நிலைத்துவிட்டது. இலங்கையில் அதையே இசைவாக்கம் என்பார்கள். பையில் வந்த ஒரு மீனைப் புது நீருக்குக் கொண்டுவர 'பழக்கல்' போதும். மாட்டை ஏருக்குப் பழக்குகிறோம் அல்லவா? வெப்பப் பழக்கல், உப்புப் பழக்கல், பைக்குள் புதுநீரைச் சொட்டுச் சொட்டாக விடுவதற்குச் சொட்டுப் பழக்கல்.

----

வணக்கம் அம்மா. நோய்க்காவலுக்கு என் வாக்கு. ஒரு சான்றும் தருகிறேன். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை இராமேசுவரம் அருகே மண்டபம் முகாமில் நோய்த் தடுப்புக்காக நிறுத்திவைத்துத்தான் கப்பலேற்றினார்கள். கூட்டங்கூட்டமாக இருந்தார்கள், தனிமை அங்கேயும் இல்லை. அந்த முகாமே இன்று ஊர்ப்பெயர். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் 1971இல் கொச்சிக்குப் போகும்வரை அங்கேதான் இருந்தது. இப்போதுள்ள மண்டல மையத்தில் கோமாளி மீன்களையும் இனப்பெருக்கம் செய்திருக்கிறார்கள்.

சொட்டுப் பழக்கலில் மட்டும் எனக்குத் தயக்கம். சொல்லில் குறையில்லை; விளக்கத்தைப் பொதுவிதி போல எழுதிவிடாதீர்கள். நெடுந்தூரம் வந்த பையில் மீன் விட்ட கரியமில வாயு தேங்கி நீரின் காரத்தன்மை (pH அளவு) குறைந்திருக்கும். அதனால் அமோனியா பெரும்பாலும் நஞ்சு குறைந்த வடிவத்தில் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், காரத்தன்மை ஏறும், அதே அமோனியா நஞ்சாகும். அதில் மீனை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சொட்டு விடுவது பழக்குவதாகாது.

நல்ல வழி தொட்டியைப் பைக்குப் பழக்குவது. கடல்நீரில் உப்பு ஆயிரத்தில் 35 பங்கு. கடைகளில் பெரும்பாலும் அதைவிடக் குறைத்தே வைப்பார்கள். நோய்க்காவல் தொட்டியில் பையின் உப்பளவையே முன்கூட்டி வைத்துவிட்டால், மூடிய பையைக் கால்மணி நேரம் மிதக்கவிட்டு, திறந்து, மீனை மட்டும் மாற்றிவிடலாம். பை நீர் சாக்கடைக்கு. பிறகு சில நாட்களில் மெல்ல உப்பை ஏற்றலாம். உப்பு குறைவதை மீன் ஓரளவு தாங்கும். சட்டென்று ஏறுவதைத்தான் தாங்காது.

ஆகவே அகராதிப் பதிவில் இப்படி இருக்கட்டும்: 'உப்புப் பழக்கல்: மீன் வந்த நீரின் உப்பளவிலிருந்து தொட்டியின் உப்பளவுக்கு அதைப் படிப்படியாகக் கொண்டுவருதல், நோய்க்காவல் காலத்திலேயே செய்வது நல்லது.' சொட்டுப் பழக்கல் அதன் கீழ் ஒரு முறையாக, 'நெடுநேரப் பயணத்தில் வந்த பைகளுக்கு ஏற்றதன்று' என்ற குறிப்புடன் வரலாம். உப்பளவா, உவர்ப்பளவா என்று மட்டும் சொல்லுங்கள். எனக்கு முன்னதே பிடித்திருக்கிறது.