மாதவிடாய் நிற்கும் வயதில் மறதி: ஹார்மோன் சிகிச்சை எடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

வயது 49. ஒரு வருடமாக மாதவிடாய் தாறுமாறாக வருகிறது, கூடவே மறதியும். நன்றாகத் தெரிந்த பெயர்கூட நாக்கு நுனியில் நின்றுவிடுகிறது. புதிதாகப் படிப்பது எதுவும் தங்குவதில்லை. பழையதெல்லாம் பளிச்சென்று இருக்கிறது! இரவில் உடல் சூடாகி, வியர்த்து, தூக்கம் வேறு கெடுகிறது.

தைராய்டு, பி12, ஹீமோகுளோபின் பார்த்தாயிற்று, எல்லாம் சரி. நடைப்பயிற்சியால் பெரிய மாற்றமில்லை. எழுதிவைத்துக்கொள்வது மட்டும் கொஞ்சம் உதவுகிறது. மருத்துவர் "வயசுதான்" என்று முடித்துவிட்டார்.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் குறையும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன், மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் நரம்பு இணைப்புகளைக் கூட்டுவதை எலிகளில் 1990-லேயே பார்த்திருக்கிறார்கள். ஆனால் 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 65 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் (இன்னொரு பெண் ஹார்மோனின் செயற்கை வடிவம்) சேர்ந்த ஹார்மோன் சிகிச்சை மாத்திரையால் டிமென்ஷியா (நினைவும் சிந்தனையும் மங்கும் நோய்) அபாயம் கூடியது. என் வயது அதுவல்லவே, அங்கேதான் குழப்பம்.

மாதவிடாய் முழுதாக நிற்கும் முன்பே ஹார்மோன் சிகிச்சை தொடங்கியவர்களுக்கு, தூக்கம் சரியானது போக, நினைவாற்றலிலும் மாற்றம் தெரிந்ததா?