பெயரும் ஒரு வரியுமா, கையொப்பம் மட்டுமா?

தாளோரம்:
எழுத்தாளர் தம் நூலில் கையொப்பமிடும்போது, வாசகரின் பெயரோடு அவருக்கென்றே ஒரு வரியாவது எழுதித் தர வேண்டும் என்று நான் கருதுகிறேன். வெறும் கையொப்பம் எழுத்தாளரைப் பார்த்ததற்குச் சான்றாகுமே தவிர, அவரோடு பேசியதற்குச் சான்றாகாது. நான் கோடிட்டு வைத்திருந்த ஒரு பத்தியைக் கண்ட நாவலாசிரியர் ஒருவர், அதை இரண்டு முறை அடித்துவிட்டு மூன்றாம் முறை திரும்பச் சேர்த்ததாகத் தலைப்புப் பக்கத்தில் எழுதித் தந்தார். மை உலர்வதற்குள் மூடிவிட்டதால் எதிர்ப்பக்கத்திலும் அந்த வரி இடவலம் மாறி மங்கலாகப் பதிந்திருக்கிறது. அந்தக் கறையைக்கூட இழக்க எனக்கு மனமில்லை.

நீள்வரிசை:
தங்களுக்கு வாய்த்தது எல்லோருக்கும் வாய்க்காது. கையொப்ப நிகழ்வுகளை நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன்: வரிசையில் 200 பேர் நின்றால், ஆளுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் 3 மணி நேரத்துக்கு மேலாகும். பாதி வரிசையைத் தாண்டுவதற்குள் கை ஓய்ந்துவிடுகிறது, ஒரே வாழ்த்து எல்லோருக்கும் போய்ச் சேர்கிறது. முன்பின் அறியாதவரை ‘அன்பு நண்பர்’ என்று ஒப்புக்கு எழுதுவதைவிட, கையொப்பத்தை மட்டும் இட்டுத் தருவது நேர்மையானது.

தாளோரம்:
நேர்மை என்று பார்த்தால், வெறும் கையொப்பத்தில்தான் ஏமாற்ற இடம் அதிகம். 2022இல் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் நூல் ஒன்று, அவரே கையால் ஒப்பமிட்டது என்ற உறுதிக் கடிதத்தோடு 900 படிகள் விற்பனைக்கு வந்தது. வாங்கியவர்கள் தங்கள் படிகளின் படங்களை ஒப்பிட்டபோது, பல கையொப்பங்கள் இம்மியும் பிசகாமல் ஒன்றுபோல இருந்தன. இயந்திரம் இட்டவை என்று தெரிந்ததும் பதிப்பகம் பணத்தைத் திருப்பித் தந்தது, டிலனும் வருத்தம் தெரிவித்தார். ஆளுக்கொரு வரி எழுதியிருந்தால் இது நடந்திருக்குமா?

பழைய அலமாரி:
இயந்திரத்தைக் குறை சொல்வதற்கில்லை. கனடா எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் 2006இல் அறிமுகப்படுத்திய ‘லாங்பென்’ கருவியில், அவர் ஓரிடத்தில் எழுதுவதைத் தொலைவில் உள்ள பேனா அப்படியே வாசகரின் நூலில் எழுதும். இருவரும் திரைவழி பேசிக்கொள்ளவும் முடியும். மறுமுனையில் ஆள் இருந்தாரா என்பதே கேள்வி. ஆயினும், பழைய புத்தகம் விற்பவனாக நான் நீள்வரிசையின் பக்கமே நிற்கிறேன். பெயர் எழுதிய படியை விற்க வருபவர்கள் கூசுகிறார்கள். அண்மையில் வந்த ஒரு கவிதைத் தொகுப்பில், பெயரிருந்த மேல்பகுதியை மட்டும் பிளேடால் நறுக்கியிருந்தார்கள். கடிதத்துக்கு நன்றி சொல்லும் வரி கீழே தனியாக நின்றது. பெற்றவர் புகழ்பெற்றவராக இருந்தாலன்றி, பெயர் விலையைக் கூட்டுவதில்லை.

தாளோரம்:
நறுக்கியவர்கூட அந்த வரியை விட்டுவைத்திருக்கிறாரே, ஐயா! விற்பதற்காக நான் கையொப்பம் வாங்குவதில்லை.

நீள்வரிசை:
வரியில் கைவைக்க மனம் வராது என்பதை ஏற்கிறேன். அடுத்த நிகழ்வில், பெயரைத் துண்டுச்சீட்டில் முன்பே எழுதி நூலில் செருகி வைக்கச் சொல்லப்போகிறேன். ‘ழ’வா ‘ள’வா என்று கேட்பதிலேயே பாதி நேரம் போகிறது. அந்த நேரம் மிஞ்சினால், பேச விரும்புபவரோடு ஆசிரியர் பேசட்டும். எழுதத் தோன்றினால் எழுதட்டும். தோன்றாதபோது கேட்டு வாங்கக் கூடாது என்பதில் மட்டும் நான் மாறவில்லை.