கலைச்சொல் வேண்டும்: ‘இன்குளூசிவ் டெமோக்கிரசி’, வியாழனுக்குள்

மட்டக்களப்பிலிருந்து:
அன்புடையீர், சிவில் சமூக அமைப்புகள் சேர்ந்து விடுக்கும் கோரிக்கை ஒன்றைத் தமிழாக்குகிறேன். காலநிலைக்கான செயற்பாடு, சமூக நீதி, மூன்றாவதாக ‘இன்குளூசிவ் டெமோக்கிரசி’, அதாவது ஒருவரையும் வெளியே விடாத சனநாயகம். முதலிரண்டிலும் சிக்கலில்லை. மூன்றாவதற்கு வழக்கம்போல ‘உள்ளடக்கிய சனநாயகம்’ என்று எழுதினேன். மனம் ஒப்பவில்லை. வாவிக்கரை மீனவர் சங்கங்களிலும், வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கமக்காரர் அமைப்புகளிலும் உரக்க வாசிக்கப்போகிற தாள் இது. வியாழன் காலை அச்சகம் கேட்கிறது.

களுதாவளையிலிருந்து:
தங்கச்சி, நம் இலக்கணத்திலேயே சொல் இருக்கிறது. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே, ‘நாம்’ என்றால் அவரும் உள்ளே. இதுதான் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. நன்னூலார் இன்னும் நுணுகிப் போகிறார்: அம், ஆம் முன்னிலையாரைத் தன்னொடு படுக்கும், எம், ஏம், ஓம் படர்க்கையாரைப் படுக்கும். எதிரே நிற்பவனைச் சேர்ப்பது வேறு, கண்ணில் படாதவனைச் சேர்ப்பது வேறு என்று விகுதியிலேயே பிரித்து வைத்த மொழி இது. இன்று ‘ஓம்’ ஒன்றே எஞ்சி, செய்தாம், செய்தேம் எல்லாம் ஏட்டோடு போய்விட்டன. என் முடிவு: ‘உளப்பாட்டுக் குடியாட்சி’. சனநாயகம் வடசொல், அதைத் தமிழ் எழுத்தில் எழுத இலக்கணம் இடம் தருகிறதென்றாலும், நம்மிடம் சொல் இருக்கையில் ஏன்?

அக்கரைப்பற்றிலிருந்து:
சேர், ‘உளப்பாடு’ என்றால் என் உயர்தர வகுப்புப் பிள்ளைகளே மனநோயா என்று கேட்பார்கள். ‘குடியாட்சி’யும் நம் பக்கத்துக்கு ஆகாது. இங்கே குடி என்றால் தாய்வழிக் குடி. கோயிலுக்கு வண்ணக்கர், பள்ளிவாசலுக்கு மரைக்கார் என்று நிருவாகிகளைக் குடிவழியாகத் தெரிவு செய்துவந்த ஊர்கள். குடியாட்சி என்றால் எந்தக் குடியின் ஆட்சி என்றுதான் கேட்பார்கள். அரசியலமைப்பிலும் சனநாயகம் என்றே இருக்கிறது, அது இருக்கட்டும்.

‘உள்ளடக்கிய’ எனக்கு ஏன் வேண்டாம் என்பதையும் சொல்கிறேன். அதற்குள் ‘அடக்கு’ இருக்கிறது. எங்களுக்கு அடக்கம் என்றால் ஜனாஸா, இறந்தவரைப் புதைப்பது. 2020இல் கொவிட்டில் மௌத்தானவர்களை அடக்கம் செய்ய விடாமல் எரித்தார்கள். 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்க இடம் கிடைத்தது. ஒரு சமூகத்தைக் கேளாமல் முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டுமா? அந்தச் சொல்லையே இந்தத் தாளில் எப்படிப் போடுவது?

கல்லடியிலிருந்து:
‘உள்வாங்கும் சனநாயகம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். நேற்று எங்கள் மாதர் சங்கத்தில் வாசித்துப் பார்த்தேன். முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் சட்டென்று நிமிர்ந்து, “கடலா?” என்றார். பிறகு ஒருவரும் பேசவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் உள்வாங்குவது கடல் ஒன்றுதான். காலநிலை பற்றிய தாளில் தயவுசெய்து அதைப் போடாதீர்கள்.

காரைதீவிலிருந்து:
1936இல் சென்னைக் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன். சொல் செய்ய அஞ்ச வேண்டாம் என்பது என் கருத்து. ஆசிரியர் பயிற்சியில் ‘உட்படுத்தல் கல்வி’ என்று படிக்கிறோமே, ‘உட்படுத்தும் சனநாயகம்’ என்றால் என்ன?

அக்கரைப்பற்றிலிருந்து:
விசாரணைக்கு உட்படுத்தினார்கள், சோதனைக்கு உட்படுத்தினார்கள். யுத்தத்தில் முப்பது வருடம் கேட்ட சொல், காக்கா.

மட்டக்களப்பிலிருந்து:
எல்லா மடலையும் அடுக்கிப் பார்க்கையில் ஒன்று தெரிகிறது. உள்ளடக்கு, உள்வாங்கு, உட்படுத்து மூன்றிலும் ஒருவர் உள்ளே இருந்துகொண்டு மற்றவரை எடுக்கிறார். எடுக்கிறவர் மனம் மாறினால் கதை முடிந்தது. நன்னூலாரின் ‘தன்னொடு படுக்கும்’ என்பதிலும் நடுவில் இருப்பது ‘தன்’தான், சேர்.

மாரியில் வயல் மூழ்கினால், வாவி நீர் கடலுக்கு வடிய முகத்துவாரத்தை வெட்டு என்கிறார் கமக்காரர். வெட்டினால் இறால் கடலுக்குப் போய்விடும் என்கிறார் வாவி மீனவர். ஒலுவிலில் துறைமுகம் வந்தபின் கரை அரிக்கப்பட்டு, தோணி இழுக்க இடமில்லாமல் போனவர்கள் இருக்கிறார்கள். ‘எங்களைச் சேருங்கள்’ என்று இவர்கள் யாரிடமும் கெஞ்சவில்லை. முடிவெடுக்கும் இடம் தங்களுடையதும்தான் என்கிறார்கள். ஆகவே பிறவினை வேண்டாம், தன்வினை வேண்டும்: ‘எல்லாரும் சேர்ந்த சனநாயகம்’. ‘சேர்த்த’ அல்ல, ‘சேர்ந்த’.

கல்லடியிலிருந்து:
எனக்குச் சம்மதம். வாசித்தால் வாயிலும் நிற்கிறது.

காரைதீவிலிருந்து:
இது சொற்றொடர், கலைச்சொல் ஆகாது. ஆனாலும் நாளை வியாழன். போடுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து:
சம்மதம். தலைப்பில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லுங்கள்.

களுதாவளையிலிருந்து:
பெரும்பான்மைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை, ஆனால் உடன்படவும் இல்லை. ‘சேர்ந்த’ இறந்தகாலப் பெயரெச்சம். நடந்து முடிந்ததுபோல் ஒலிக்கிறது. நீங்கள் கேட்பதோ இன்னும் நடக்காத ஒன்றை. ‘சேரும்’ என்றாவது திருத்துங்கள். அதுவும் போக, நீங்கள் அனுப்பிய மூலத்தில் இரண்டாம் பந்தியில் அதே சொல் பெயர்ச்சொல்லாக, ‘இன்குளூசிவ்னெஸ்’ என்று வருகிறது. அங்கே ‘எல்லாரும் சேர்ந்தமை’ என்றா எழுதப்போகிறீர்கள்? உளப்பாடு அங்கே அப்படியே பொருந்தும்.