பெரிய சி நிரலைப் படிக்க எந்த எடிட்டர் சரிப்படும்?

வரிவாசகன்:
யாரோ எழுதி விட்டுப்போன பெரிய சி நிரல் ஒன்று என் தலையில் விழுந்திருக்கிறது. திருத்த வேண்டியது கொஞ்சம்தான், முக்கால்வாசி படிக்கிற வேலை. 4 ஜிபி ரேம், லினக்ஸ். விஎஸ் கோடில் திறந்தால் ஃபேன் அலறுகிறது, கர்சர் நகர மாட்டேன் என்கிறது. சாதாரண எடிட்டரில் வேகம் இருக்கிறது. ஆனால் ஒரு ஃபங்ஷன் பெயரைத் தேடினால் கமெண்ட் உட்பட எல்லாம் வந்து குவிகிறது. விம், ஈமேக்ஸ், சப்லைம், கேட்... எதைப் பிடிப்பது?

பழைய டெர்மினல்:
விம் போதும், கூடவே நிரலில் உள்ள பெயர்களுக்கு அட்டவணை போடும் யுனிவர்சல் சிடேக்ஸ். நிரல் கோப்புறையில் சிடேக்ஸை ஒருமுறை ஓட்டினால் ‘டேக்ஸ்’ என்ற கோப்பு உருவாகும். பெயர் மேல் கர்சரை வைத்து கன்ட்ரோல் + ] அழுத்தினால் அது எழுதப்பட்ட இடத்துக்குத் தாவும்; கன்ட்ரோல் + டி வந்த வழியே திரும்பக் கொண்டுவிடும். ரேம் பற்றிய பேச்சே இல்லை. முதலில் கொஞ்ச நாள் கை தடுமாறும், அவ்வளவுதான்.

அரைப்புள்ளி:
சிடேக்ஸுக்குப் பெயர்தான் தெரியும், டைப் தெரியாது. பத்து ஸ்ட்ரக்டில் ‘லென்’ என்ற உறுப்பு இருந்தால், இந்த பாயின்டர் எந்த ஸ்ட்ரக்டைக் காட்டுகிறது என்று அதனிடம் கேட்க முடியாது. ஒரு ஃபங்ஷனை யார் யார் அழைக்கிறார்கள் என்பதையும் சொல்லாது. படிக்கிறவருக்கு அதுதானே வேண்டும்!

கிளாங்டி போடுங்கள்; கம்பைலரைப் போலவே சி நிரலைப் புரிந்துகொண்டு எடிட்டருக்குப் பதில் சொல்லும் பின்னணி நிரல் அது. எடிட்டரும் இப்படிப்பட்ட நிரலும் பேசிக்கொள்ளும் பொது முறையான லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் 2016இல் வந்த பிறகு எடிட்டர் சண்டைக்குப் பாதி வேலை போய்விட்டது. நியோவிம், கேட், ஈமேக்ஸ் எதிலிருந்தும் இதே கிளாங்டியோடு பேசலாம். ஆனால் ஒவ்வொரு கோப்பும் எந்த ஆப்ஷன்களோடு கம்பைல் ஆகிறது என்ற விவரம் அதற்கு வேண்டும். நிரல் சிமேக் வழியாக பில்ட் ஆகிறது என்றால், அந்த விவரத்தை ஒரு ஜேசன் கோப்பாக எழுதித்தர அதிலேயே ஒரு ஆப்ஷன் இருக்கிறது. வெறும் மேக்ஃபைல் என்றால் ‘பேர்’ (Bear) என்ற கருவி வழியாக ஒருமுறை முழுதாக பில்ட் செய்யுங்கள், அதே கோப்பு கிடைக்கும். இதை விட்டுவிட்டு, ஹெடரே கிடைக்கவில்லை என்று எடிட்டரைத் திட்டுகிறவர்கள்தான் அதிகம். ரேம் குறைவு என்பதால் கிளாங்டி பின்னணியில் போடும் இண்டெக்ஸை ஒரே த்ரெடுக்குக் கட்டுப்படுத்துங்கள். முதல் தடவை நேரம் எடுக்கும்; அப்புறம் டிஸ்கிலிருந்தே படித்துக்கொள்ளும்.

வரிவாசகன்:
கேட் + கிளாங்டி, நன்றாக ஓடுகிறது. இப்போது வேறு தலைவலி: ஒரே ஒரு வரி மாற்றிச் சேமித்தேன், மாற்றங்களைக் காட்டும் கிட் டிஃபில் கோப்பு முழுக்கச் சிவப்பும் பச்சையும்.

அரைப்புள்ளி:
டிஃபை, இடைவெளி வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாத ‘-டபிள்யூ’ ஆப்ஷன் போட்டுப் பாருங்கள். ஒரு வரி மட்டும் மிஞ்சினால் மற்றதெல்லாம் வெறும் இடைவெளி மாற்றம். சேமிக்கும்போது வரிக்கடைசி இடைவெளியை நீக்கும் அமைப்பு ‘முழு ஆவணம்’ என்று இருக்கிறதா? ‘மாற்றிய வரிகள்’ என்று வையுங்கள். அடுத்தவர் நிரலில் கைவைக்கும்போது எந்த எடிட்டரானாலும் முதலில் பார்க்க வேண்டிய அமைப்பு இது.

வரிவாசகன்:
அதேதான். இப்போது டிஃபில் ஒரு வரி மட்டுமே. நன்றி இருவருக்கும்.

பழைய டெர்மினல்:
கேட்டிலும் விம் போலவே விசைகளை அழுத்தி வேலை செய்ய ‘விஐ உள்ளீட்டு முறை’ என்று ஒன்று இருக்கிறது. சும்மா சொல்லி வைக்கிறேன்.