மறுமொழி: ட்ரெய்னருக்குத் தமிழில் என்ன சொல்? – ‘மிதிபயிற்றி’ என் முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சைக்கிளை வீட்டுக்குள் மாட்டி மிதிக்கிற கருவிக்குச் சொல் கேட்டு இந்த இழை தொடங்கியது. இதுவரை வந்த சொற்களை எல்லாம் படித்துவிட்டேன். நான் இந்தக் கருவியிலும் சாலையிலும் மாறி மாறிப் பயிற்சி செய்பவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்தருள்க.

> உடற்பயிற்சி மிதிவண்டி என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே, அது போதாதா?

போதாது ஐயா. அது வேறு பொருள். இருக்கை, மிதி, கனத்த சக்கரம் எல்லாம் அதிலேயே சேர்ந்து வரும், தெருவுக்கு எடுத்துப்போக முடியாது. நாம் பெயர் தேடுவது, சாலையில் ஓட்டும் சொந்த சைக்கிளையே மாட்டுகிற கருவிக்கு. பின்சக்கரத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கருவியோடு இருக்கும் பல்சக்கர அடுக்கில் செயினை ஏற்றி அச்சை இறுக்கினால் வேலை முடிந்தது. இன்னொரு வகையில் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம், டயர் ஒரு சிறு உருளையை அழுத்திக்கொண்டு சுழலும். மூன்று உருளைகளின் மேல் சைக்கிளைச் சும்மா நிறுத்தி ஓட்டும் வகையும் உண்டு. அதில் பிடிமானம் என்று எதுவும் கிடையாது, கவனம் பிசகினால் வண்டி பக்கவாட்டில் இறங்கிவிடும்.

> ‘உள்ளரங்க மிதிவண்டிப் பயிற்சி’ எளிமையாக இருக்கிறதே.

எளிமைதான். ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே வேறொருவர் குடியிருக்கிறார். உலக சைக்கிள் அமைப்பான யூசிஐ உள்ளரங்க சைக்கிள் என்று வகைப்படுத்துவது இரண்டு விளையாட்டுகளை. ஒன்று சைக்கிள் மேல் நின்றும் தலைகீழாகவும் செய்யும் கலைச்சாகசம், மற்றது சக்கரத்தால் பந்தை அடித்து ஆடும் சைக்கிள் பந்து. போதாததற்கு, கூரை போட்ட வெலோட்ரோமில், அதாவது சைக்கிள் பந்தயத்துக்கென்றே கட்டிய சுற்றுத்தடத்தில், நடக்கும் தடச் சைக்கிள் பந்தயமும் அரங்குக்குள்தான் நடக்கிறது. ‘உள்ளரங்கம்’ என்று தொடங்கும் எந்தச் சொல்லும் இந்தக் குழப்பத்தை வாங்கிக்கொண்டுதான் வரும்.

இப்போது என் முன்மொழிவுக்கு வருகிறேன். நாம் ‘சைக்கிள் ஓட்டுகிறான்’ என்றும் சொல்கிறோம், ‘சைக்கிள் மிதிக்கிறான்’ என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. மிதிப்பது காலின் வேலை. ஓட்டுவதில் கை, கண், இடுப்பு, காது எல்லாம் சேரும். வளைவுக்கு முன் வேகத்தைக் குறைப்பது, எதிர்க்காற்றில் குனிவது, பள்ளத்தைப் பார்த்து விலகுவது, முன்னே போகிறவரின் சக்கரத்துக்குப் பின்னால் ஒண்டிக்கொள்வது, எல்லாமே ஓட்டுதல். சாலையில் இரண்டும் பிரிக்க முடியாமல் நடக்கின்றன. கருவியில் மிதித்தல் மட்டும் மிஞ்சுகிறது. ஆகவே சொல் ‘மிதி’யில் தொடங்க வேண்டும், ‘ஓட்டு’ அதில் வரக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. 2016 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய வீரர் மேத்யூ ஹேமன் பந்தயத்தில் விழுந்து கை எலும்பை முறித்துக்கொண்டார். சாலைக்குப் போக வழியில்லாத நாட்களில் வீட்டுக்குள் ட்ரெய்னரில் மிதித்தே உடலைத் தயார்செய்தார், அதே ஆண்டு ஏப்ரலில், பிரான்சில் கல் பாவிய கரடுமுரடான சாலைகளில் நடக்கும் பாரி–ரூபே பந்தயத்தை வென்றார். கருவியின் பெருமைக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. ஆனால் கல் பாவிய அந்தச் சாலைகளில் அவர் அதற்கு முன் பல ஆண்டுகள் ஓட்டிப் பழகியவர். வலிமையைக் கருவி காப்பாற்றிக் கொடுத்தது, கல்லின் மேல் வண்டியைச் செலுத்தும் திறமை பழைய சாலை நாட்களிலிருந்து வந்தது. 2020இல் யூசிஐ முதன்முறையாக நடத்திய, ட்ரெய்னரில் மிதித்துத் திரையில் பந்தயம் ஓடும் மின்விளையாட்டு சைக்கிள் உலகப் போட்டியில் ஆண்கள் பட்டத்தை வென்ற ஜேசன் ஆஸ்போர்ன், அப்போது ஜெர்மனியின் துடுப்புப் படகு வீரர்! மிதித்தலைத் தனியாகப் பிரித்தெடுத்து அளந்தால் அந்தப் பட்டம் படகுக்காரருக்கும் எட்டும்.

> சாலை, கருவி இரண்டிலும் ஒரே 200 வாட் என்றால் உடலுக்கு என்ன வேறுபாடு?

நல்ல கேள்வி. இரண்டு வேறுபாடுகள் முக்கியமானவை.

முதலாவது நிலைமம். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வையுங்கள். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஏறக்குறைய 2,800 ஜூல் இயக்க ஆற்றல் கையிருப்பில் இருக்கிறது. மிதி உச்சிக்கு வரும் கணத்திலும் அடிக்கு வரும் கணத்திலும் காலால் பெரிதாக எதுவும் தள்ள முடியாது. சாலையில் அந்த இடைவெளியை இந்தக் கையிருப்பு கடத்திவிடும், நமக்குத் தெரிவதே இல்லை. கருவியின் ஃபிளைவீல் (உள்ளே சுழலும் கனத்த சக்கரம்) சிறியதாக இருந்தால் அதே இடத்தில் வேகம் சட்டென்று விழும், ஒவ்வொரு சுற்றிலும் தொடை புதிதாகத் தள்ளத் தொடங்க வேண்டியிருக்கும். அப்புறம், சாலையில் இறக்கம் வந்தால் மிதிக்காமல் விடலாம். கருவியில் அந்த ஓய்வு தானாக வருவதில்லை. ஒரு மணி நேரம் என்றால் அநேகமாக முழு மணி நேரமும் மிதிதான்.

இரண்டாவது வெப்பம். தசை செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய 20 முதல் 25 விழுக்காடுதான் மிதியில் வேலையாக வருகிறது, மீதி வெப்பம். 200 வாட் மிதிப்பவர் 600 முதல் 800 வாட் வரை வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும். சாலையில் ஓடும் வேகமே காற்றாகி வியர்வையை உலர்த்திவிடுகிறது. அறைக்குள் வியர்வை மூக்கு நுனியிலிருந்து ஹேண்டில்பாரில் சொட்டி, டேப்புக்குள் ஊறி, ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் திருகாணிகளை மெல்லத் துருவாக்கும். நல்ல மின்விசிறி இல்லாமல் கருவியில் கடும் பயிற்சி செய்யாதீர்கள் என்பதை இந்தக் குழுவில் சொல்ல இடம் கிடைத்ததே மகிழ்ச்சி.

சரி, சொல்லின் பின்பாதி.

> ‘பயிற்றி’ என்றால் பயிற்சி தரும் ஆள் என்று ஆகாதா?

ஆகாது. ஆளுக்குப் பயிற்சியாளர், பயிற்றுநர் இருக்கிறார்கள். கருவிக்கு இகர ஈறு நமக்கு நன்றாகப் பழகியது: ஒலிபெருக்கி, மின்தூக்கி, செயலி, தொலைபேசி. ‘தாங்கி’ என்று ஒருவர் சொன்னார். தாங்கி என்றால் நிறுத்திவைக்கும் ஸ்டாண்டுதான் நினைவுக்கு வரும், மிதிக்குத் தடை கொடுப்பது அதில் இல்லை. ‘தடைப்பொறி’ பொருளில் சரி, காதில் சரியில்லை. கேட்பவர் சாலைத் தடுப்பு என்று நினைப்பார்.

‘மிதிப்பயிற்றி’ என்று நடுவில் ப் வருமா என்று கேட்டிருந்தீர்கள். மிதிக்கிற பயிற்றி என்று வினைத்தொகையாகக் கொண்டால் குடிதண்ணீர், ஊறுகாய் போல ஒற்று மிகாது. மிதிபயிற்றி. அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

இதை வைத்துக்கொண்டால் குடும்பச் சொற்கள் தாமாக விழுகின்றன. பின்சக்கரம் கழற்றும் வகை நேரிணைப்பு மிதிபயிற்றி. டயர் அழுத்தும் வகை சக்கரவழி மிதிபயிற்றி. தடை தரும் முறையை வைத்துப் பிரித்தால் காற்றுத்தடை, நீர்மத்தடை, காந்தத்தடை. காந்தத்தடையில் வேலை செய்வது பள்ளிப் பாடத்தில் படித்த சுழல் மின்னோட்டம்தான், அந்தச் சொல்லையே விளக்கத்தில் பயன்படுத்தலாம். உருளை வகைக்கு மட்டும் ‘பயிற்றி’ சேர்க்காமல் ‘ஓட்டுருளை’ என்று விடலாம். அதில் சமநிலை வேண்டும், உண்மையிலேயே ஓட்டித்தான் ஆக வேண்டும்.

திறனைக் கருவியே ஒரே அளவில் பிடித்துவைக்கும் ‘எர்க் மோட்’ என்பதற்கு ‘நிலைத்திறன் முறை’ என்று வந்திருக்கிறது. நிலையாற்றல் என்று இயற்பியலில் வேறொன்று இருப்பதால் தயங்குகிறேன். ‘மாறாத்திறன் முறை’ என்றால் நடப்பது அப்படியே தெரியும். 200 வாட் என்று வைத்துவிட்டால் கருவி அதிலேயே நிற்கும். களைப்பில் நிமிடத்துக்கு 90 சுற்றிலிருந்து 60க்கு இறங்கினால் தடை குறையாது, அதே திறனுக்கு மிதியில் ஒன்றரை மடங்கு விசை கேட்கும். சுற்று மேலும் விழும், விசை மேலும் ஏறும், கடைசியில் கால் நின்றே போகும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அதற்குச் சொல் தெளிவாக இருந்தால் பாதி வேலை முடியும். நிமிடச் சுற்றுக்கு ‘மிதிவீதம்’ பொருந்தும்.

எனக்குத் தீராத ஒன்று, மிதிக்காமல் வண்டி தானாக உருளும் நிலை. ‘மிதியா ஓட்டம்’ என்று எழுதிப் பார்த்தேன். ‘ஓட்டம்’ என்றதும் காலால் ஓடுவதுதான் நினைவுக்கு வருகிறது. ‘மிதியா உருளல்’ சரிவருமா? உச்சரிப்பிலும் பொருளிலும் இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். மற்றவற்றுக்கு மறுப்பு வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்,
குழு உறுப்பினர் ஒருவர்