ரைஸ் என்றால் நெல்லா, அரிசியா, சோறா?

கேள்வி: கேரளத்தில் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் அரிசிக்கடை வைத்திருக்கிறேன். மட்ட அரிசி, பொன்னி, பச்சரிசி மூன்றும் வேண்டும் என்று மொத்த வியாபாரிக்கு 'த்ரீ ரைசஸ்' என்று வாட்ஸ்அப்பில் எழுதினேன். ஒன்பதாவது படிக்கும் மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். என்ன தப்பு?

பதில்: ரைஸை எண்ண முடியாதுங்க. 'த்ரீ கைண்ட்ஸ் ஆஃப் ரைஸ்' என்று எழுதுங்க. ஒரே ஒரு அரிசி என்றால் 'எ கிரெயின் ஆஃப் ரைஸ்'.

இன்னொரு பதில்: அண்ணே, நமக்கு வயலில் நெல், மூட்டையில் அரிசி, இலையில் சோறு. மலையாளத்திலும் நெல்லு, அரி, சோறு. ஆங்கிலத்தில் எல்லாமே ரைஸ்தான். உமியோடு இருந்தால் 'பேடி' (paddy) என்பார்கள். அதுவும் மலாய்க்காரர்களிடம் வாங்கிய சொல். நெல்வயலுக்கும் அதே பேர்.

கேட்டவர்: சரி, அப்போ ஹோட்டலில் 'டூ ரைஸ்' என்கிறோமே?

பதில்: அது ரெண்டு பிளேட் கணக்கு. பேச்சில் ஓடும், பில்லிலும் ஓடும். மகளின் பரீட்சையில் ஓடாது.