டிரையர் வேலை செய்யவில்லை, தெர்மோஸ்டாட் மாற்றலாமா? (டர்பன், தென்னாப்பிரிக்கா)

புதுவரவு, ஃபீனிக்ஸ்:
வந்து ஏழு வாரம்தான் ஆகிறது. மழை விடவே இல்லை, குழந்தைக்கு எட்டு மாதம், காய்ந்த துணி என்று ஒன்றுகூட இல்லை. வீட்டோடு இருந்த டிரையர் நேற்று ராத்திரியிலிருந்து வேலை செய்யவில்லை. வீட்டைக் வாடகைக்கு விட்ட சொந்தக்காரர் போனை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டில், சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட் போயிருக்கும் என்கிறார்கள். நாமே மாற்ற முடியுமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

நெல்லைக்காரன், ஜோகன்னஸ்பர்க்:
டிரையரே வேண்டாம் தங்கச்சி. நாங்கள் வந்த புதிதில் ஒரே அறை, ஒரே வாளி. ஜூன், ஜூலைக் குளிரில் விரல் விறைக்கத் துவைத்து வெளியே போட்டால் சாயங்காலத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். கொடி கட்டுங்கள், போதும்.

சாட்ஸ்வொர்த் அக்கா:
தம்பி, உங்கள் ஊரில் குளிர்காலம் மழையில்லாத காலம். இங்கே கடலோரம், அக்டோபரிலிருந்து மார்ச் வரை மழையும் புழுக்கமும்தான். முதல் வருடம் வீட்டுக்குள் கொடி கட்டிச் சுவரெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை பிடித்து, என் மகன் இருமி இருமி அவஸ்தைப்பட்டான். தெர்மோஸ்டாட்டை எல்லாம் தொடாதேம்மா, புதுசாக ஒன்று வாங்கிவிடு.

மதுரை மணி:
ஒரு சின்னச் சாமானுக்காகப் புது டிரையரா அக்கா? கிடைக்கிற தெர்மோஸ்டாட்டை வாங்கிப் போடலாம், எல்லாம் ஒன்றுதான். வாடகை வாங்க மட்டும் இந்த வீட்டுச் சொந்தக்காரர்களுக்குத் தேதி தவறாது. எங்கள் வீட்டில் கீசர் கெட்டு ஒரு மாதம் பச்சைத்தண்ணீரில் குளித்தோம்.

நெல்லைக்காரன்:
முன்பணத்தில் பாதியைப் பெயின்ட் செலவு என்று எங்களிடம் பிடித்துக்கொண்டார்கள். ஊரில் என்றால் தெருமுனை எலக்ட்ரீசியன் அரைமணியில் வந்திருப்பார்.

பழைய மெக்கானிக், டோங்காட்:
அந்தப் பிள்ளை கேட்டதற்கு வருவோம். டிரம் சுற்றுகிறதா, சுற்றியும் சூடு இல்லையா? காற்று குழாய் வழியாக வெளியே போகிற மாடலா, தண்ணீர் தொட்டி உள்ளதா? மொத்தமும் செத்திருந்தால் முதலில் டிபி போர்டில் (வீட்டு மின்சாரப் பெட்டியில்) பிரேக்கர் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். சுற்றியும் சூடு இல்லையென்றால் பஞ்சு வடிகட்டியையும் குழாயையும் சுத்தம் செய்யுங்கள். காற்று அடைபட்டால் உள்ளே சூடு ஏறி, பாதுகாப்புக்கு இருக்கிற கட்-அவுட் ஹீட்டருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும். சில மாடல்களில் பின்பக்கம் ரீசெட் பொத்தான் இருக்கும், ஆறியபின் அழுத்தலாம்.

அதற்கும் சரியாகவில்லையென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றி, தெர்மோஸ்டாட்டில் ஒரு வயரை எடுத்துவிட்டு மல்டிமீட்டரை ஓம்ஸில் (மின்தடை அளவில்) வைத்து அதன் இரு முனைகளையும் தொடுங்கள். ஆறிய நிலையில் ஏறக்குறைய 0 காட்ட வேண்டும். இணைப்பே இல்லை என்று காட்டினால் போய்விட்டது. ஹீட்டரையும் பாருங்கள், 230 வோல்ட்டில் 2000 வாட் ஹீட்டர் சுமார் 26 ஓம்ஸ் காட்டும். எலக்ட்ரானிக் மாடலில் சூட்டை உணருகிற தெர்மிஸ்டர் இருக்கும், அது ஆயிரக்கணக்கில் காட்டினால் பழுது என்று நினைக்க வேண்டாம்.

மணி தம்பி, எல்லாம் ஒன்று கிடையாது. மேலே பொறித்திருக்கும் வெப்ப அளவு அதேதான் இருக்க வேண்டும். கதவின் உள்விளிம்பில் உள்ள மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் ஜோடியாக விற்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். அவசரத்துக்கு இரண்டு வயரையும் முறுக்கி நேராக இணைக்கவே கூடாது, பஞ்சு தீப்பிடித்துவிடும். வாடகை வீடு என்பதால் கழற்றுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் வாட்ஸ்அப்பில் எழுத்தாகச் சம்மதம் வாங்குங்கள்.

புதுவரவு:
அண்ணா, டிரம் சுற்றியது, சூடுதான் இல்லை. அதைச் சொல்ல மறந்துவிட்டேன். குழாய் சுவரோடு நசுங்கி, உள்ளே இரண்டு கை பஞ்சு! எடுத்துவிட்டுப் பின்னால் இருந்த பொத்தானை அழுத்தியதும் டிக் என்றது, இப்போது சூடு வருகிறது. அப்படியானால் தெர்மோஸ்டாட் நல்லதுதானே?

பழைய மெக்கானிக்:
இப்போதே சொல்ல முடியாதும்மா. குழாய் சுத்தமாக இருந்தும் பொத்தான் மறுபடி விழுந்தால், தெர்மோஸ்டாட் சூட்டில் திறக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆறிய நிலையில் மீட்டர் அதை நல்லது என்றே காட்டும். அப்போது மறுபடி அழுத்தாமல் ஜோடியாக மாற்றிவிடுங்கள். அதுவரை ஓட்டிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், டிரையரைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.